பதினொன்று, பத்து

முதல் டிராம் நாலேகாலுக்கு.
அதற்குள் முடித்தாக வேண்டும்.
தண்டவாளம் அதிர்ந்தால்
மூன்று சுவரும் ஒரு கான்கிரீட் மேடையும் தாண்டி
என் திரையில் நடுங்கும்.

ஆஸ்ட்ராவா தூங்குகிறது.
நுண்ணோக்கியின் பம்பு மட்டும்
பல்லைக் கடித்தபடி மூச்சு விடுகிறது.

உள்ளே இருப்பது த்ரினெட்ஸ் ஆலையின் கம்பி எஃகு.
பக்கத்தில் வைத்தால் வெங்காயச் சருகு பாறையாகிவிடும்,
அவ்வளவுக்குத் தேய்த்து, அமிலத்தில் மெலியவைத்தேன்.
இப்போது இரு முனையும் பிடித்து இழுக்கிறேன்,
எறும்பு சிரிக்கும் விசையில்.

படிகம் என்றால் ஒழுங்கு என்று பள்ளியில் சொன்னார்கள்.
ஒழுங்கு மட்டும் இருந்திருந்தால்
எந்தக் குறடாலும் இதை வளைக்க முடியாது.
வளைவதெல்லாம் பிழையால்.
அடுக்கில் எங்கோ ஒரு தளம்
பாதியில் நின்றுபோயிருக்கும்;
நின்ற விளிம்புதான் பிறழ்வு.
திரையில் அது கறுப்புக் கீற்று,
உதிர்ந்த இமைமுடி.
இழுத்தால் நகரும்.

நகர்ந்து வந்து நிற்கின்றன பதினொன்று,
மணியும் மணியும் முட்டும் எல்லையில்.
அந்தப் பக்கமும் அதே இரும்பு, அதே அணு.
அடுக்கியவன் மட்டும்
கொஞ்சம் திரும்பி உட்கார்ந்து அடுக்கியிருக்கிறான்.

முதலாவது எல்லையை ஒட்டி.
அடுத்தது அதை ஒட்டி.
கடைசிகள் தாராளமாக இடம்விட்டு.
ஆனால் பின்னால் நிற்கும் பத்தின் தள்ளலும்
முதலாவதன் முதுகில்தான்.
சின்ன வயதில், வாழைப்பழம் வந்திருக்கிறதென்று கேட்டு
கடைவாசலில் நின்றோம்.
கதவுக் கண்ணாடியில் என் கன்னம் அழுந்தியது.
தள்ளியது யாரென்று இன்றுவரை தெரியாது.

யோசெஃப் சரக்கு ரயில் ஓட்டுகிறான்.
எல்லை என்றாலே ஓல்சா பாலத்துக்குப் போய்விடுவான்:
இக்கரை செக், அக்கரை போலந்து,
சாவடி, முத்திரை, பையைத் திற.
இல்லை யோசெஃப்,
இங்கே பெயர் கேட்பார் இல்லை.
கேட்பது கோணம் மட்டும்.
நீ வழுக்கி வந்த தளம்
எங்கள் தளத்துக்கு எத்தனை பாகை?
இரண்டு, மூன்று என்றால் போ.
முப்பது என்றால் நில்,
இல்லாவிட்டால் எல்லைக்குள்ளேயே கரைந்துபோ.

"அப்போ எல்லை கூடக்கூட நல்லதா?"
வலுவுக்கு நல்லதுதான்.
மணியைச் சிறிதாக்கு, எல்லை பெருகும், கம்பி உறுதியாகும்.
"எதுவரைக்கும்?"
எல்லைகளே வழுக்கத் தொடங்கும்வரை.
அவன் சூப்பைக் கலக்கிக்கொண்டே இருந்தான்.

இதில் ஒரு தொல்லை.
இந்தப் பக்கத்துக் கீற்றுகள் தெரிய மாதிரியைச் சாய்த்தால்
அந்தப் பக்கம் பனி மூடிய வயல்.
அதைப் பார்க்கப் போனால் இங்கே பனி.

மூன்று ஐம்பது.
குமிழை இன்னும் ஒரு பல் திருகினேன்.
தும்மினேன்.
நிமிர்ந்தால் பத்து.

மறுபடி எண்ணினேன். பத்து.
எல்லைக்கோடு ஓரிடத்தில் தடித்து,
நகம் கீறியது போல் ஒரு சின்னப் படி.
சாய்த்தேன். பனி விலக
அங்கே ஒரு கீற்று,
வேறு சாய்வில், போய்க்கொண்டிருந்தது.

கடந்ததா?
அல்லது வந்ததை எல்லை விழுங்கி,
செரியாமல் வேறொன்றைத் துப்பியதா?
கணக்கு எப்படியும் நேராகும்:
வந்ததில் போனதைக் கழித்தால்
மிச்சம் அந்தப் படி.
அதுதானா இது என்பதற்கு
கணக்கில் கட்டம் கிடையாது.
குறிப்பேட்டில் எழுதினேன்:
பதினொன்று. பத்து. நடுவில் தும்மல்.

டிராம் வந்தது. எல்லாம் நடுங்கியது.

வீட்டுக்கு வந்தால்
யோசெஃப் அவரைக்கொடிக்குக் கம்பி வளைக்கிறான்.
தப்பான இடத்தில் மடித்துவிட்டு
நிமிர்த்தப் பார்க்கிறான்.
மடிந்த இடம் மசியவில்லை;
அதன் பக்கத்தில் புதிதாக ஒரு வளைவு விழுந்து
வாத்துக் கழுத்தாய் நிற்கிறது.
"கெட்ட கம்பி" என்றான்.

உள்ளே வரிசை நிற்கிறது என்றேன்.
"எதுக்கு?" என்று கேட்டுவிட்டு
பதிலுக்கு நிற்காமல்
பெரிய குறடு தேடப் போனான்.